கண்ணாடிக்காரர் தேர்ந்தெடுத்த கம்பி

"இந்த வீட்டுக்குள்ள எந்தக் கம்பி வரணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். நான் விசாரிச்சுச் சொல்ற வரைக்கும் நீ பேசாம இரு."

கண்ணாடிக்காரர் இதைச் சொன்னபோது ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் பல்பு மாற்ற ஏறியவர், பழைய பல்பைக் கையில் வைத்துக்கொண்டே பிரகடனம் செய்துவிட்டார். கம்பியைப் பற்றிய பேச்சு, கம்பீரமாகத்தான் இருந்தது. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அண்ணாந்து பார்த்து, "சரிங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் "சரிங்க" சொன்னதே இல்லை. அவர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. புது பல்பு எரிந்த சந்தோஷத்தில் இறங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் கட்டட வரைபடம் வரைகிற வேலை கிடைத்து, ஒரு பகல் பூரா ரயிலில் போக வேண்டிய ஊரில் தனியாக இருந்தாள். போகும்போது தன் கம்ப்யூட்டரைக் கூடத்து மேஜையில் வைத்து, அதன் தலையில் ஒற்றைக் கண் மாதிரி ஒரு கேமராவையும் மாட்டி, "அப்பா, ஒரு நெட் கனெக்‌ஷன் மட்டும் வாங்கிடுங்க. முகத்தைப் பாத்துப் பேசலாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த "மட்டும்"தான் கண்ணாடிக்காரரைப் பிடித்துக்கொண்டது.

"மட்டுமாம்! அது எத்தனை விதமா வருது தெரியுமா? டெலிபோன் கம்பில வருது. டிவி கம்பில வருது. கம்பியே இல்லாம காத்துல வருது. இப்பக் கண்ணாடி இழையில வேற வருதாம். தப்பான ஒண்ணுல மாட்டிக்கிட்டோம்னா காலம்பூரா அவஸ்தை."

"கல்யாணம் மாதிரியா?" என்று மனைவி கேட்டாள்.

"அதைவிட மோசம். இதுல பெரியவங்க யாரும் பாத்து வைக்க மாட்டாங்க."

கடைத்தெருவில் அவருக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதனையும் அவரே. வந்தவரை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்பது அவர் தொழில். நாள் பூரா ஊரை முடிவெடுக்க வைத்துவிட்டு வருகிறவருக்குத் தானாக ஒரு முடிவெடுக்க வராது. சட்டை வாங்கப் போனால் இரண்டு சட்டைகளை விளக்கடியில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பார். கடைக்காரர் ஷட்டரில் கை வைத்ததும் வெறுங்கையோடு வந்துவிடுவார். கூடத்துச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பார்க்க ஒரு மூலையில் பட்டை பட்டையாகப் பூசிப் பார்த்தார். பட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. வருகிறவர்கள் அதை டிசைன் என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

மனைவி நேர் எதிர். அவளுக்கு மருந்துக்கடையில் காலை வேலை. எறும்பை மையில் முக்கி ஓடவிட்ட மாதிரி டாக்டர்கள் எழுதித் தருவதை ஒரே பார்வையில் படித்து, அலமாரியில் கையை விட்டு, சரியான அட்டையை எடுத்துக் கொடுப்பாள். அங்கே யோசித்துக்கொண்டு நின்றால் வரிசை தெருவுக்குப் போய்விடும். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். கண்ணாடிக்காரர் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்.

"இணைப்பு வர்ற வரைக்கும் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது. உள்ள தூசி போயிடும்," என்று அவரே பழைய படுக்கை விரிப்பை எடுத்து அதன் மேல் போர்த்தினார். "யாரும்" என்று அவர் சொன்னபோது வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

விசாரணை எதிர்வீட்டில் தொடங்கியது. அங்கே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். எதைச் சொன்னாலும் "ரைட்" என்று முடிப்பதால் கட்டடம் முழுக்க அவருக்கு ரைட் என்றே பெயர். அவரிடம் காற்றில் இணைப்பு வாங்குகிற குச்சி ஒன்று இருந்தது. கண்ணாடிக்காரர் போனபோது அவர் மடியில் கம்ப்யூட்டரோடு, பால்கனிக் கம்பியில் முதுகைச் சாய்த்து, ஒரு கையில் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் சார் பெஸ்ட்டு. கம்பி கிம்பி கிடையாது. எங்க வேணும்னாலும் உக்காந்து பாக்கலாம், ரைட்."

"பின்ன ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"இங்கதான் அலை வருது."

"உள்ள?"

"உள்ள வராது. குளிக்கிற ரூம் வரைக்கும் தூக்கிட்டுப் போய்ப் பாத்துட்டேன். இங்கதான், இப்படிச் சாஞ்சு, இந்த முழங்கையைத் தூக்கினா வருது. ரைட்."

"மழை பெஞ்சா?"

"அதுக்குத்தான் சார் குடை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "அலைக்காக அலையறார் மனுஷன். நமக்கு அது வேண்டாம்."

அடுத்து டெலிபோன் ஆபீஸ். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரி. "நம்ம லைன் ரொம்ப நம்பிக்கையானது சார். மழைக்காலத்துல மட்டும் கொஞ்சம் இழுக்கும்," என்றார். இழுக்கும் என்றால் வேகமாக இழுக்குமா, மெதுவாக இழுக்குமா என்று கண்ணாடிக்காரர் கேட்டதற்கு, "மழைக்காலத்துல வந்து பாருங்க," என்று பதில் கிடைத்தது. கண்ணாடிக்காரர் அதை நியாயமான ஆலோசனையாக எடுத்துக்கொண்டு மழைக்காலத்துக்குக் காத்திருந்தார்.

டிவி கம்பி போடுகிறவர் கடைக்கே தேடி வந்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நாளைக்கே வந்து கம்பி நீட்டிடறோம்."

"அதுக்குத்தானய்யா பயப்படறேன். போன தடவை படம் வரலைன்னு கூப்பிட்டப்ப நீட்டினவர்தானே நீங்க?"

இந்தச் செய்திகளையெல்லாம் அவர் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் சமையலறை. முன்பெல்லாம் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து, "உம்" என்றும் "ம்ஹூம்" என்றும் பதில் சொல்லி அன்றைய பொழுதை முடிக்கிறவர். இப்போது நேராகச் சமையலறைக்குப் போய், மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். கை சும்மா இருக்கிறதே என்று மனைவி ஒரு நாள் பட்டாணியை உரிக்கக் கொடுத்தாள். மறுநாள் வெங்காயம். பேச்சு மும்முரத்தில் அவர் எதையும் கவனிக்கவில்லை. வெங்காயத்தில் கண் கலங்கியபடியே கேபிள் நிறுவனங்களின் அநியாயத்தை விவரித்தபோது அது பொருத்தமாகவும் இருந்தது.

மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். நடுநடுவே ஒரு கேள்வி போடுவாள்.

"ஏங்க, நம்மகிட்ட வர்ற வேகமும் நம்மகிட்டேர்ந்து போற வேகமும் ஒண்ணாவா இருக்கும்?"

"என்னது?"

"இல்ல, அவ முகம் இங்க வந்தா மட்டும் போதுமா? நம்ம முகமும் அங்க போய்ச் சேரணும்ல?"

கண்ணாடிக்காரர் வெங்காயத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இதெல்லாம் எப்படி உனக்குத் தோணுது?"

"உங்ககூடவே இருக்கேன்ல."

அதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் டெலிபோன் ஆபீஸ் ஜன்னலில் அதே கேள்வியைத் தன் கேள்வியாகக் கேட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் முதல் தடவையாக எழுந்து நின்று பதில் சொன்னார்.

இதற்கிடையில் வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். புத்தக அலமாரியின் மேல் தட்டில், பூ ஜாடிக்குப் பின்னால், ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

"இது என்ன?"

"அது பாட்டுக்கு இருக்கு, விடுங்களேன்," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். பிளக்கில் மாட்டியிருந்தது. சூடாக இருந்தது. கொசு விரட்டி என்று தானாகவே முடிவுக்கு வந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எடுத்த முடிவு வேறு கிடையாது. "நல்லா வேலை செய்யுது. இப்பல்லாம் கொசுவே இல்ல பாத்தியா?" என்று பாராட்டினார். எதிர்வீட்டு ரைட்டிடமும் அப்படி ஒன்று வாங்கிப் போடச் சொன்னார். ரைட் ஒரு விதமாகப் பார்த்துவிட்டு, "எனக்கும் சேத்து அதுவே போதும் சார், ரைட்," என்றார். ரைட் இப்போதெல்லாம் பால்கனியில் உட்காருவதில்லை என்பதும் கண்ணாடிக்காரர் கண்ணில் பட்டது. வயதாகிறது, முதுகு வலிக்கும் என்று இரக்கப்பட்டார்.

ஒரு நாள் மாலை மனைவி, "பொண்ணுக்கு அடிக்கடி தலைவலியாம்," என்றாள்.

"நேரா நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டா. நெட் வரட்டும், நேருக்கு நேர் ரெண்டு திட்டு திட்டறேன்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மழைக்காலம் வந்தது. டெலிபோன் லைன் இழுத்தது. எந்த இழுவை என்று தெளிவாகிவிட்டது. கண்ணாடிக்காரர் அந்த வழியையும் கைவிட்டார். மிச்சமிருந்தது கண்ணாடி இழை ஒன்றுதான். இருந்தாலும் டிவி கம்பிக்காரர் வேறு விலை குறைக்கிறேன் என்கிறார், கடை வாசலில் ஒருவர் புதுக் குச்சி வந்திருக்கிறது என்கிறார்.

"கண்ணாடி இழைன்னா என்னங்க? கண்ணாடி வழியா எப்படிப் பேச்சு போகும்?" என்று மனைவி கேட்டாள்.

நல்ல கேள்வி கேட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். தலைமுடி கனத்தில் கண்ணாடியை இழுத்திருப்பார்கள், அதன் ஒரு முனையில் வெளிச்சத்தை விட்டால் அது சுவரில் மோதி மோதி உள்ளேயே திரும்பும், வளைத்தாலும் வெளியே தப்பாது, போய்ச் சேர்கிற இடத்தில்தான் வெளிவரும் என்று விளக்கினார். விளக்கியது போதாமல் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் டார்ச் அடித்து, விழுகிற தண்ணீரோடு வெளிச்சமும் வளைந்து இறங்குவதைக் காட்ட முயன்றார். வெளிச்சம் அவ்வளவாக வளையவில்லை. தண்ணீர் சட்டையில் தெறித்தது. ஆனால் டார்ச்சைப் பிடித்திருந்தவர் முகத்தில் ஒரு களை இருந்தது. மனைவி தண்ணீரைப் பார்க்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாழ்க்கை பூரா கண்ணாடியோட இருக்கறவர் நீங்க," என்றாள் மெதுவாக. "நீங்க போய் டிவி கம்பியை வாங்கினா ஊர் சிரிக்காதா?"

அத்துடன் முடிந்தது. கண்ணாடிக்காரர் குழாயை மூடினார். டார்ச்சை அணைத்தார். "முடிவு பண்ணிட்டேன். கண்ணாடி இழைதான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

விடுமுறை நாள் காலையில் இணைப்புக்காரர் வந்தார். தோளில் கம்பிச் சுருள், கையில் துளை போடும் மெஷின். கண்ணாடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் ஆள் வருகிறார் என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருந்தார்.

இணைப்புக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அலமாரியைப் பார்த்ததும் நின்றார்.

"சார், இது ரெண்டாவது கனெக்‌ஷனா?"

"முதல் கனெக்‌ஷன். நல்லா விசாரிச்சு எடுத்த முடிவு."

"அப்ப மேல இருக்கறது?"

"அதுவா? கொசு மெஷின்."

இணைப்புக்காரர் பூ ஜாடியை நகர்த்தினார். பெட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இது எங்க மெஷின். இதுல கொசு சாகாது."

"என்ன சொல்றீங்க?"

"நான்தான் சார் வந்து மாட்டினேன். ஜன்னல் பக்கமா கம்பி உள்ள வருது பாருங்க. அம்மா அன்னிக்கும் டீ குடுத்தாங்க." பெட்டியின் முதுகில் இருந்த எண்ணைப் பார்க்க அவர் பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான். எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ரைட் லுங்கியோடு ஓடி வந்து கூடத்தில் நின்றார்.

"அம்மா! நெட்டு நின்னுபோச்சே! பாதி படம் ஓடிக்கிட்டிருக்கு..." கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சார் வீட்லதான் இருக்கீங்களா? ரைட்."

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மனைவி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எப்ப?" என்று கேட்டார்.

"நீங்க ஸ்டூல் மேல நின்னு சொன்னீங்களே, அந்த வாரம்."

"எதை வாங்கினே?"

"கண்ணாடி இழைதான்."

"விசாரிச்சியா?"

"மருந்து வாங்க வந்த ஒரு அம்மாகிட்ட, உங்க வீட்ல இருக்கறது நல்லா இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க."

"அவ்வளவுதானா விசாரணை?"

"அவ்வளவுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பேசாம இருன்னீங்க. இருந்தேன்."

இணைப்புக்காரர் டீயை நின்றபடியே குடித்து, பிளக்கைத் திரும்ப மாட்டி, துளை போட வேண்டிய அவசியமில்லை என்று யாருக்கோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு நழுவினார். பச்சை விளக்கு எரிந்ததும் ரைட்டும் படத்தின் மீதிக்குப் போய்விட்டார். கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும்.

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பேசிய அத்தனை சாயங்காலங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டார்ச், குழாய், நனைந்த சட்டை எல்லாம் வந்தன. முகம் சுட்டது.

"நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தேன். நீ உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தே, இல்ல?"

"சிரிக்கலைங்க." தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒரு வாரத்துல சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க தினமும் சமையல்கட்டுக்கு வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சுட்டீங்க. கம்பியைப் பத்தித்தான் பேசினீங்க. இருந்தாலும் என் முகத்தைப் பாத்துப் பேசினீங்க. நாள் பூரா ஊர்க்கண்ணையெல்லாம் பாத்துட்டு வர்றவருக்கு, வீட்டுக்கு வந்தா எங்க பாக்கத் தோணும்? கனெக்‌ஷன் வந்தாச்சுன்னு சொன்னா நீங்க மறுபடி டிவி முன்னாடி போயிடுவீங்க. அதான், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தள்ளிப் போட்டேன்."

கண்ணாடிக்காரர் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் மேலிருந்த விரிப்பை எடுத்தார். உள்ளே ஒரு தூசி இல்லை.

"அவளைக் கூப்பிடு."

"இன்னிக்கு வேண்டாமே. நான் முதல்ல போன்ல ஒரு வார்த்தை..."

"ஏன்? இன்னும் என்ன இருக்கு?"

மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டினாள். விரல்கள் அட்டை மருந்து எடுக்கிற வேகத்தில் ஓடின. மணி அடித்தது. திரையில் மகள் வந்தாள்.

"என்னம்மா, இன்னிக்கு லீவாச்சே, அப்பா வீட்ல..." பின்னால் நின்றவரைப் பார்த்துவிட்டாள். கை சட்டென்று முகத்துக்குப் போய், போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே மறைத்தது.

காலம் கடந்துவிட்டது. கண் விஷயத்தில் அந்த மனிதரை ஏமாற்ற முடியாது.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"இங்க வந்து கொஞ்ச நாள்ளேயேப்பா. தலை ரொம்ப வலிச்சுது. லீவு கிடைக்கல. இங்கயே ஒரு கடையில போட்டுக்கிட்டேன். சொந்த அப்பாகிட்ட பாக்காம வேற கடைக்குப் போயிட்டேன்னு நீங்க வருத்தப்படுவீங்கன்னு... நான்தான் அம்மாவைச் சொல்ல வேண்டாம்னேன்."

மனைவி திரும்பிப் பார்க்காமல், "இதுக்காகவும்தான் சொல்லலை," என்றாள்.

ஊரில் பாதிப் பேர் மூக்கில் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி இருக்கிறது. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர் கண்ணைச் சுருக்கினாலே இன்ன பவர் என்று சொல்லிவிடுவார். தன் வீட்டில் வளர்ந்த கண்கள் மங்கியது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தலைவலி என்று காதில் விழுந்தபோதுகூட, நெட் வரட்டும் என்றுதான் சொன்னார். அந்த நெட் அப்போது அவர் தலைக்கு மேலேயே மினுக்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ணாடியைப் போடு. சும்மா போடு. இப்பத் தலைவலி எப்படி இருக்கு?"

"குறையலைப்பா. அம்மா மாத்திரை சொல்லியிருக்காங்க."

"ஏன் தலையைச் சாச்சு வெச்சிருக்கே?"

"சாச்சா வெச்சிருக்கேன்?"

மனைவி, "இத்தனை நாளா அப்படித்தாங்க பேசறா. புது ஊர் ஸ்டைலுன்னு நினைச்சேன்," என்றாள்.

"ஸ்டைல் இல்ல. சிலிண்டர் தப்பு."

"கேஸா?" என்று மனைவி பதறினாள்.

"கண்ணாடியில போடற பவர்ல அது ஒரு வகை. அதை இந்தக் கோணத்துல வைக்கணும்னு கணக்கு இருக்கு. கொஞ்சம் திரும்பிட்டா நேரா பாக்கறதுக்குத் தலை தன்னால சாயும். அப்புறம் மாத்திரை என்ன செய்யும்?" மகள் பக்கம் திரும்பினார். "இந்தா, வலது பக்கச் சட்டத்தைப் பிடி. காதுல மாட்டியிருக்கறதைக் கொஞ்சமா மேல தூக்கு. சுவர்ல என்ன இருக்கு?"

"காலண்டர்."

"அதுல எழுத்தைப் பாரு. போதும், நிறுத்து. முதல்ல பாத்ததா, இப்பப் பாக்கறதா, எது தெளிவா இருக்கு?"

மகள் காலண்டரைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"இப்பத்தான்ப்பா. ரொம்பத் தெளிவா இருக்கு."

"நாளைக்கே அந்தக் கடைக்குப் போய்க் கோணத்தைத் திரும்பப் பாக்கச் சொல்லு. வர்ற ரயில்ல ஏறி இங்க வா, நானே ஒரு தடவை முழுசா பாத்துடறேன். வேற கடைக்குப் போனதுக்கு எனக்கு வருத்தமில்ல. சட்டம் உன் முகத்துக்கு நல்லா இருக்கு. அதை எடுத்துக் கொடுத்தவன் விஷயம் தெரிஞ்சவன்தான்."

மகள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினாள். தலை நேராக நின்றது.

பேச்சு முடிந்து திரை அணைந்த பிறகு மனைவி எழுந்திருக்கவில்லை.

"தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "மாத்திரை மேல மாத்திரை சொன்னேன். உங்களை அன்னிக்கே கூப்பிட்டு உக்கார வெச்சிருந்தா அவ இவ்வளவு நாள் கஷ்டப்பட்டிருக்க மாட்டா. என் சாமர்த்தியத்துல தீயை வைக்க."

அவள் தோற்று உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகவும் இல்லை. டீத் தட்டை எடுத்துக்கொண்டு அவரே சமையலறைக்கு நடந்தார். அவள் பின்னால் வந்தாள். மூலையிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்த பட்டாணியை யாரும் கொடுக்காமலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் தினமும் இங்க வந்து உக்காருவேன்," என்றார். "அதுக்கு நீ எதையும் ஒளிச்சு வைக்க வேண்டாம். சும்மாவே வருவேன்."

"சும்மா வந்து என்ன பேசுவீங்க?"

அவர் யோசித்தார். பட்டாணி ஒன்று உருண்டு போய் அடுப்படியில் நின்றது. என்ன பேசுவதென்று உண்மையிலேயே தெரியவில்லை. கம்பி முடிந்துவிட்டது, மகளுக்கு ரயில் சொல்லியாகிவிட்டது.

அவர் படுகிற பாட்டைப் பார்த்து மனைவிதான் இரக்கப்பட்டாள்.

"ஏங்க, நம்ம ஃப்ரிட்ஜ் ரொம்பப் பழசாயிடுச்சு. கீழ தண்ணி ஒழுகுது. புதுசு ஒண்ணு வாங்கணும். எப்படிப்பட்டது நல்லதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் டார்ச் அடித்த அன்றைய களை திரும்ப வந்தது. "ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா? ஐஸ் தானா உருகற மாதிரியா, பட்டன் அமுக்கற மாதிரியா? கரண்டு எவ்வளவு இழுக்கும்? இதையெல்லாம் எடுத்தேன் கவிழ்த்தேன்னு சொல்லிட முடியாது. நாலு கடை ஏறி இறங்கணும். எனக்கு அவகாசம் வேணும்."

"தாராளமா எடுத்துக்குங்க, அவசரமே இல்ல," என்றாள் மனைவி. "அது நாளைக்குக் காலையில வந்துடும்."